மைதான் என்ற சொல்லைத் துரத்திப் பிடிப்பது எப்படி

சிரிலிக் எழுத்தைக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. முப்பத்துச் சொச்சம் எழுத்துகள். அவற்றில் பல ஏற்கெனவே ரோமன் எழுத்தில் பார்த்த முகங்கள்தான். ஆனால் கற்ற கையோடு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. அந்த எழுத்தில் எதைப் பார்த்தாலும் ரஷ்யச் சொல் என்று எடுத்துக்கொள்கிறோம். ரஷ்யம், உக்ரேனியம், பல்கேரியம், செர்பியம், மாசிடோனியம் ஆகியவை ஸ்லாவிய மொழிகள். கசாக், கிர்கிஸ், தத்தார் துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாஜிக் என்பது பாரசீகத்தின் ஒரு வடிவம். மங்கோலியம் இதில் எதிலும் சேராது. எல்லாம் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன, அவ்வளவுதான்.

ஆகவே இந்த எழுத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு சொற்கள் உறவா, இல்லை தற்செயலாக ஒரே சட்டை போட்டவர்களா என்று சோதிக்க ஒரு முறை வேண்டும். நான் பயன்படுத்தும் முறையை ஒரே சொல்லை வைத்துக் காட்டுகிறேன். சொல்: மைதான். ஆம், நம் மைதானம்தான். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த அதே சொல் வேறு வழியாக வடக்கே போய், சிரிலிக் எழுத்தில் ஒரு டஜன் மொழிகளில் உட்கார்ந்திருக்கிறது.

எந்தச் சொல்லை எடுப்பது

அம்மா, அப்பா, நான், நீ போன்ற சொற்களை எடுக்காதீர்கள். குழந்தை மழலையிலிருந்து பிறக்கும் சொற்கள் எல்லா மொழியிலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஓரசைச் சொற்களும் ஆபத்து. மூன்று எழுத்துச் சொல் எந்த மொழியிலும் தற்செயலாகவே கிடைத்துவிடும். இதைப் பின்னால் ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

நல்ல சொல் எது? படை, சந்தை, வரி, கட்டடம், உணவு, மதம் இவற்றில் ஒன்றோடு ஊர் ஊராக நகர்ந்த பெயர்ச்சொல். இரண்டு அசையாவது இருக்க வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளையோ இடத்தையோ குறித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பொருள் எங்கே எப்படித் திரும்பியது என்று தொட்டுக் காட்டலாம். மைதான் இந்த எல்லாத் தேர்விலும் தேறுகிறது.

தாள் போடுவது

ஒரு நீளமான தாளை எடுத்து மொழிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் எழுத்துக்கூட்டல், இன்றைய பொருள், கிடைக்கும் மிகப் பழைய பொருள், யாரிடமிருந்து வந்தது என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தைக் கடைசி வரை காலியாக விடுங்கள். அதை முதலிலேயே நிரப்பிவிட்டு மற்ற மூன்றையும் அதற்கு ஏற்ப வளைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எழுத்துக்கூட்டலைச் சிரிலிக்கிலேயே எழுதி வையுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். நம் ‘த’ ஒன்றே சிரிலிக்கின் இரண்டு எழுத்துகளுக்குப் பொருந்தும், ‘க’ அதற்கு மேலும் பொருந்தும். இந்தக் கட்டுரையில் படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆனால் உங்கள் தாளில் அப்படிச் செய்ய வேண்டாம்.

கணினியில் தேடும்போது இன்னொரு சின்னக் கண்ணி உண்டு. சிரிலிக் ‘அ’ எழுத்தும் ரோமன் ‘ஏ’ எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு குறியீடுகள். ஒரே ஒரு ரோமன் எழுத்து கலந்துவிட்டாலும் அகராதித் தளம் ‘சொல் இல்லை’ என்று கைவிரிக்கும். செர்பியத்தில் ‘ய்’ ஒலிக்கு ரோமன் ‘ஜே’ போலவே ஓர் எழுத்து இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. அச்சு நூலில் வேறு மாதிரி. சாய்வெழுத்தில் ‘இ’ எழுத்து ரோமன் ‘யு’ போலவும், கையெழுத்தில் மைதானின் ‘த’ ரோமன் ‘ஜி’ போலவும் தெரியும். பழைய அகராதியைப் புரட்டும்போது இது தெரிந்திருந்தால் பாதித் தலைவலி குறையும்.

முதல் சுற்று: பொருளை மட்டும் சேகரியுங்கள்

முதல் சுற்றில் வேரைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஒவ்வொரு மொழியிலும் அந்தச் சொல்லைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் மனதில் எந்த இடம் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

உக்ரேனியத்தில் மைதான் என்றால் ஊர் நடுவே உள்ள சதுக்கம். கீவ் நகரின் மையச் சதுக்கத்துக்கு 1991இல் ‘மைதான் நெசலெஷ்னொஸ்தி’, அதாவது சுதந்திரச் சதுக்கம், என்று பெயர் வைத்தார்கள். 2004இலும், பிறகு 2013 நவம்பரில் தொடங்கியும் அங்கே கூட்டம் திரண்டபின் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் ஏறியது: மக்கள் எழுச்சி. ரஷ்யம் உட்பட அக்கம்பக்கத்து மொழிகளும் இந்தப் புதிய பொருளில் அதை எடுத்துக்கொண்டன. யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அது பெருமையாகவோ ஏச்சாகவோ ஒலிக்கும். தாளில் இதைத் தனி வரியாகக் குறியுங்கள், ஏனென்றால் இது அண்மைக் காலப் பொருள். பழைய பொருளோடு கலந்தால் கதை கெட்டுவிடும்.

அதே உக்ரேனியத்தில் இன்னும் பழைய பொருள்கள் இருக்கின்றன. காட்டுக்குள் மரத்தை எரித்துத் தாரும் பொட்டாஷும் எடுத்த வெட்டவெளியும் மைதான்தான். அந்த நாட்டில் மைதான் என்ற பெயரில் பல சிற்றூர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். அங்கே சதுக்கத்தைத் தேடிப் பயனில்லை. பழங்காலப் புதைமேடுகளின் மண்ணைத் தோண்டி, வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைக் காய்ச்சி எடுத்தபின் நடுவில் குழியாக எஞ்சிய மேட்டையும் மைதான் என்றார்கள்.

ரஷ்யத்தில் இன்று சதுக்கத்துக்கு வேறு சொல் இருக்கிறது. ஆனால் விளதீமிர் தாலின் அகராதியைத் திறந்தால் (1863 முதல் 1866 வரை வந்த நான்கு தொகுதிகள்) மைதானுக்குக் கீழே ஒரு கூட்டமே நிற்கும்: சந்தை கூடும் இடம், ஊர்க்கூட்டம், காட்டில் தார் காய்ச்சும் இடம், சூதாடும் இடம், தோண்டிய மேடு. சூதாட்டப் பொருள்தான் எனக்குப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டுச் சைபீரியச் சிறைகளில் கைதிகள் சீட்டாடிய இடமும், திருட்டுத்தனமாக வோட்கா விற்ற இடமும் மைதான். அதை நடத்திய கைதி மைதான்ஷிக். இருபதாம் நூற்றாண்டுத் திருடர் குழூஉக்குறியில் மைதான் ரயிலாகிவிட்டது. அப்போது மைதான்ஷிக் என்றால் ரயிலில் பெட்டி திருடுகிறவன். நிஷ்னி நோவ்கொரத் வட்டாரத்தில் போல்ஹொவ்ஸ்கி மைதான் என்று ஓர் ஊர் இருக்கிறது. பளிச்சென்ற ரோஜாப்பூ வரைந்த மத்ரியோஷ்கா பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயரிலும் இருப்பது காட்டுத்தொழில் மைதான்தான்.

தத்தார் மொழியில் சொல் ‘மேய்தான்’ ஆகிறது. முதல் உயிர், நாம் எழுத்தில் காட்ட முடியாத ஓர் அகன்ற ‘எ’. தத்தார்களின் வேளாண் திருவிழாவான சபன்துய் நடக்கும் திடலுக்கு இதுதான் பெயர். இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடிக்கும் மல்யுத்தம் அங்கேதான் நடக்கும்.

கசாக்கில் சட்டென்று முகம் மாறுகிறது. சதுக்கத்துக்கு அவர்கள் ‘அலங்’ என்ற வேறு சொல்லை வைத்துக்கொண்டார்கள். மைதான் என்றால் போர்முனை. இரண்டாம் உலகப் போரில் முனைக்குப் போய் வந்தவர் ‘மைதான்கெர்’. ஒரே எழுத்துக்கூட்டல். ஆனால் கீவில் கூட்டம், அங்கே குண்டு.

உஸ்பெக்கிலும் தாஜிக்கிலும் ‘மைதோன்’. தாஷ்கெந்தில் ‘முஸ்தகில்லிக் மைதோனி’ என்றாலும் சுதந்திரச் சதுக்கம்தான். கீவோடு பொருளும் சொல்லும் பொருந்துகின்றன, ஆனால் இரண்டுக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. துஷான்பேயில் ‘மைதோனி தோஸ்தி’, அதாவது நட்புச் சதுக்கம். ‘தோஸ்து’ நமக்கும் பழக்கமான சொல்தான்.

அசர்பைஜானியம் 1991 வரை சிரிலிக்கில் எழுதப்பட்டது. ஆகவே அதையும் சேர்க்க வேண்டும். அங்கே ‘மெய்தான்’. 1988 நவம்பரில் பாக்கூவின் பெரிய சதுக்கத்தில் திரண்ட போராட்டத்துக்கு ‘மெய்தான் இயக்கம்’ என்றே பெயர். சதுக்கத்தின் பெயர் போராட்டத்தின் பெயரானது முதன்முதலில் கீவில் நடந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதில்லை.

பல்கேரியத்தில் ‘மெக்தான்’, நடுவில் மென்மையான ‘க’. ஊர் கூடிக் கைகோத்து ஆடும் கிராமத் திடல். மல்தோவாவில் 1989 வரை ருமேனிய மொழியைச் சிரிலிக்கில் எழுதினார்கள். அதிலிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னீஸ்திரியாவில் இன்னும் எழுதுகிறார்கள். அங்கே மைதான் என்றால் ஊருக்குள் கேட்பாரற்றுக் கிடக்கும் காலி மனை. ருமேனியத்தில் தெருநாய்க்கு ‘மைதானெஸ்’ என்று பெயர், காலிமனைக்காரன். மங்கோலியத்தில் இந்தச் சொல்லே இல்லை. சதுக்கம் என்றால் ‘தல்பை’. இல்லை என்பதையும் தாளில் எழுதுங்கள். சொல் எந்த எல்லையில் நின்றது என்பது பாதிக் கதை.

செர்பியத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் சுற்று: பழைய எழுத்துக்கூட்டலுக்குப் போங்கள்

இன்றைய எழுத்துக்கூட்டல் பல மொழிகளில் நூறு வயதுகூட ஆகாதது. ரஷ்யத்தில் 1918 சீர்திருத்தம் வரை மெய்யில் முடியும் சொற்களின் வாலில் ஒலியே இல்லாத ஒரு குறி இருந்தது. பல்கேரியத்தில் அது 1945 வரை நீடித்தது. பழைய நூல்களின் ஸ்கேன் செய்த பக்கங்களில் தேடும்போது அந்த வால் எழுத்தைச் சேர்த்தும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

துருக்கிய மொழிகளிலும் தாஜிக்கிலும் மாற்றம் இதைவிடப் பெரியது. அவை முதலில் அரபு எழுத்தில் இருந்தன. 1920களின் கடைசியில் சோவியத் ஆட்சி அவற்றை லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. 1939, 1940 வாக்கில் மறுபடி சிரிலிக்குக்கு. ஒரு தலைமுறைக்குள் மூன்று எழுத்து. வாசகர்களுக்கு அது பெரிய கொடுமை. தன் தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க முடியாமல் போயிற்று. ஆனால் சொல்லைத் தேடுகிறவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அரபு எழுத்தில் இருந்த காலத்துக்குப் போனால் கடன்சொற்கள் தங்கள் பழைய முகவரியை அப்படியே காட்டும். அரபு, பாரசீகச் சொற்களை எப்படி உச்சரித்தாலும் மூல எழுத்துக்கூட்டலை மாற்றாமல் எழுதுவதுதான் அந்தக் கால வழக்கம். உதுமானியத் துருக்கியும் 1928 வரை அப்படித்தான்.

மைதானின் அரபு எழுத்துக்கூட்டல் மீம், யா, தால், அலிஃப், நூன். இந்த ஐந்தையும் தாளின் உச்சியில் எழுதுங்கள். நடுவில் இருக்கும் ‘யா’வில் ஒரு வட்டம் போடுங்கள். அந்த ‘யா’ முக்கியமான சாட்சி.

உக்ரேனிய, ரஷ்ய, கசாக் மைதான், தத்தார் மேய்தான், உஸ்பெக் மைதோன் எல்லாவற்றிலும் அந்த ‘யா’ அப்படியே ‘ய்’ ஆக இருக்கிறது. உஸ்பெக், தாஜிக்கில் வரும் ‘ஓ’ பாரசீக நெடில் ‘ஆ’வின் வழக்கமான மாற்றம். ஒரு சொல்லில் மட்டும் நடந்தது அல்ல, வரிசையாக நூற்றுக்கணக்கான சொற்களில் நடந்தது. இப்படி வரிசையாக நடக்கும் மாற்றத்தைத்தான் நம்ப வேண்டும். பல்கேரிய மெக்தானில் ‘ய்’ இருந்த இடத்தில் ‘க்’ இருக்கிறதே என்றால், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் வட்டாரத்தில் சொல் அந்த வடிவத்திலும் வேர்விட்டது. செர்பியத்திலும் ‘மெய்தான்’, ‘மெக்தான்’ இரண்டும் அக்கம்பக்கமாக உண்டு, பொருள் ஒன்றே.

செர்பியக் கண்ணி

இப்போது செர்பியம். அங்கே மெய்தான், மெக்தான் இரண்டுக்கும் ‘ஒற்றைக்கு ஒற்றை மோதும் களம்’ என்ற பொருள் வலுவாக இருக்கிறது. காவியப் பாடல்களில் வீரர்கள் ‘மெய்தான் பங்கிடுவார்கள்’, அதாவது இருவர் மட்டும் களத்தில் இறங்கி மோதுவார்கள். சரயெவோவில் ‘அத் மெய்தான்’ என்ற இடப்பெயர் இருக்கிறது, குதிரைத் திடல். இஸ்தான்புல்லின் பழைய குதிரைப்பந்தயத் திடலுக்கும் இதே பெயர்தான். இது வரை எல்லாம் பொருந்தி வருகிறது. 1958க்குப் பின் அசர்பைஜானியம் ‘ய்’ ஒலிக்குச் செர்பியத்தைப் போன்ற எழுத்தையே பயன்படுத்தியதால், பாக்கூவின் மெய்தானும் செர்பிய மெய்தானும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே அச்சாகின.

ஆனால் செர்பியத்தில் ‘எ’ வராமல் ‘அ’ வரும் ‘மைதான்’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. பொருள்: சுரங்கம், கல் வெட்டும் இடம். கிழக்குச் செர்பியாவில் மைதான்பெக் என்று ஒரு செம்புச் சுரங்க ஊர். பெக் என்பது ஆற்றின் பெயர். அதன் அருகில் ருத்னா கிளாவாவில் கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டிலேயே செம்புத்தாது தோண்டியிருக்கிறார்கள். மாசிடோனியத்திலும் இதே சொல் கல் வெட்டும் இடத்தைக் குறிக்கிறது.

இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். எழுத்து ஒன்றுபோல, ஒலி உக்ரேனிய மைதானோடு அச்சாகப் பொருந்துகிறது. ‘வெட்டவெளி, அதைத் தோண்டினால் சுரங்கம்’ என்று ஒரு பாலம் போடவும் எளிது. உக்ரேனியத்தின் தோண்டிய மேடு வேறு கைகொடுக்கும். கதை அழகாக வந்துவிடும், ஆனால் தவறு.

செர்பிய மைதானின் முன்னோர் துருக்கிய ‘மாதென்’, அதன் முன்னோர் அரபுச் சொல் ‘மஅதின்’: சுரங்கம், தாது கிடைக்கும் இடம். அரபில் அதன் எழுத்துக்கூட்டல் மீம், ஐன், தால், நூன். தாளின் உச்சியில் நாம் வட்டம் போட்ட ‘யா’ இங்கே இல்லை. அந்த இடத்தில் தொண்டைக்குள் பிறக்கும் ‘ஐன்’ இருக்கிறது. அலிஃபும் இல்லை. செர்பியர்களுக்கு ஐன் வாயில் வராது. அது மறைந்த இடத்தில் ‘ய்’ வந்து உட்கார்ந்து, இரண்டு அந்நியச் சொற்களை ஒன்றுபோல ஆக்கிவிட்டது.

இதை எப்படி உறுதிசெய்வது? இரண்டு சொல்லையும் தனித்தனியாகக் காப்பாற்றிய மொழியைத் தேடுங்கள். தாஜிக் காப்பாற்றியிருக்கிறது. மைதோன் என்றால் திடல், ‘மஅதன்’ என்றால் தாது, கனிமம். ஐன் இருந்த இடத்தைக் காட்ட ஒரு கடினக் குறியை நடுவில் போட்டு எழுதுகிறார்கள். உஸ்பெக்கிலும் அப்படியே. தத்தாரில் ஐன் இருந்த இடத்தில் ‘க்’ வருவதால் சொல் ‘மேக்தேன்’ ஆகிறது, பொருள் தாது. இப்போது பல்கேரிய மெக்தானை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே ஒலி. ஆனால் பல்கேரியத்தின் ‘க்’ ஒரு ‘யா’வின் வழித்தோன்றல், தத்தாரின் ‘க்’ ஓர் ஐனின் வழித்தோன்றல். ஒன்று ஊர்த்திடல், இன்னொன்று தாது. செர்பியத்தின் இரண்டு சொல் ‘ய்’யால் ஒன்றுபோல ஆனது மாதிரி, இந்த இரண்டும் ‘க்’கால் ஒன்றுபோல ஆகியிருக்கின்றன. ஒலியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இடப்பெயர்களும் சாட்சி சொல்லும். பல்கேரியாவின் ரொதோப் மலையில் ‘மதான்’ என்று ஓர் ஊர், ஈயமும் துத்தநாகமும் தோண்டும் ஊர். பெயர் துருக்கிய மாதெனிலிருந்து வந்தது. மைதான் என்ற பெயருள்ள ஓர் ஊரைக் கண்டால், நான் முதலில் பார்ப்பது அங்கே மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று. பால்கனில் செம்போ இரும்போ ஈயமோ இருந்தால் மாதெனைச் சந்தேகிக்கிறேன். உக்ரேனியக் காட்டுப்பகுதியில் என்றால் தார் அடுப்பை. நிலவியல் வரைபடம் சொற்பிறப்பு ஆய்வுக்கு உதவும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் உதவும்.

பொருளை இணைப்பது

இப்போது சுரங்கத்தைத் தனித் தாளுக்கு மாற்றிவிட்டு, மிச்சமிருப்பதை இணைக்கலாம். பாரசீகத்தில் மைதான் குதிரையோடும் ஆயுதத்தோடும் பழகும் திறந்த வெளி, போலோ ஆடும் திடல். அரபுக்கே அந்தச் சொல் பழைய ஈரானிய மொழியிலிருந்து போனது என்பது பல அறிஞர்களின் கருத்து. ‘நடு’ என்ற பொருளுள்ள ஈரானிய வேரோடு அதை இணைக்கிறார்கள். அந்த வேர் சமஸ்கிருத ‘மத்திய’த்துக்கு உறவு. இந்தக் கடைசிப் படியைத் தாளில் புள்ளிக்கோட்டால் போடுங்கள், முழுக்கோட்டால் அல்ல.

திடலிலிருந்து கிளைகள் பிரிகின்றன. குதிரைப்படை பயிலும் திடலிலிருந்து போர்க்களம். அதிலிருந்து கசாக்கின் போர்முனையும் செர்பியத்தின் இருவர் மோதலும். விழா நடக்கும் திடலிலிருந்து தத்தாரின் மல்யுத்தக் களமும் பல்கேரியரின் ஆட்டத் திடலும். ஊர் கூடும் இடத்திலிருந்து சந்தை, சந்தையிலிருந்து சூது, சூதிலிருந்து சிறை. காட்டின் வெட்டவெளியிலிருந்து தார் அடுப்பு. கவனிப்பாரற்ற வெளியிலிருந்து ருமேனியக் காலிமனை. ஊர்க்கூட்டத்திலிருந்து எழுச்சி.

இதை ஒரே நேர்க்கோடாக வரையும் ஆசை வரும். வேண்டாம். கசாக்கின் போர்முனை கீவின் சதுக்கத்துக்கு முந்திய படியும் இல்லை, பிந்திய படியும் இல்லை. இரண்டும் ஒரே திடலிலிருந்து தனித்தனியே பிரிந்தவை. ஒவ்வொரு கிளைக்கும் ‘இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் வழக்கில் இருந்த மொழி எது?’ என்று கேளுங்கள். சந்தையும் சூதும் ஒரே பதிவில் நிற்பதைத் தாலின் அகராதியில் பார்த்தோம், ஆகவே அந்தப் படி உறுதி. அப்படி ஒரு சாட்சி இல்லாத படி வெறும் ஊகம். ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

மூன்றெழுத்தின் ஆட்டம்: மய்

ஓரசைச் சொல்லை எடுக்காதீர்கள் என்றேன் அல்லவா. மைதானின் முதல் அசையை மட்டும் வெட்டி எடுத்தால் ‘மய்’, சிரிலிக்கில் மூன்று எழுத்து. ரஷ்யத்தில் அது மே மாதம், லத்தீனிலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. கசாக்கில் கொழுப்பு, எண்ணெய். ‘சரி மய்’ என்றால் மஞ்சள் கொழுப்பு, அதாவது வெண்ணெய். இது துருக்கியச் சொந்தச் சொல். மாதத்துக்குக் கசாக்கில் ‘மமிர்’. தத்தாரில் வெண்ணெயும் மே மாதமும் ஒரே எழுத்தில். தாஜிக்கில் மய் என்றால் கவிதையில் வரும் மது. சொற்பிறப்பும் அங்கேதான் போகிறது: அந்தப் பாரசீகச் சொல்லைப் பொதுவாகச் சமஸ்கிருத ‘மது’வுக்கு உறவாகக் காட்டுகிறார்கள்.

இன்னும் முடியவில்லை. உக்ரேனியத்தில் மாதத்துக்குப் புல்லின் பெயரால் ‘த்ராவென்’ என்று சொந்தப் பெயர் இருக்கிறது. ‘மய்’ என்பது ‘வைத்துக்கொள்’ என்ற ஏவல். பல்கேரியத்தில் மாதமும் உண்டு, பேச்சு வழக்கில் ‘போலிருக்கிறது’ என்ற பொருளும் உண்டு. மல்தோவாவில் ‘இன்னும், மேலும்’, லத்தீன் வழி வந்தது. மங்கோலியத்தில் கையில் ஒன்றைக் கொடுக்கும்போது சொல்லும் ‘இந்தா’.

எட்டுக்குக் குறையாத பொருள்கள், ஆறேழு வெவ்வேறு பிறப்புகள், எல்லாம் மூன்றே எழுத்தில். நம் ‘மை’யையும் பக்கத்தில் வைத்து, கண்ணுக்கு இடும் மையில் எண்ணெய் இருக்கிறது, ஆகவே கசாக்கும் தமிழும் உறவு என்று யாராவது கிளம்பினால் அவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எரிச்சலைவிட, அந்தப் புத்தியை இரண்டு அசைச் சொல்லில் செலவழித்திருக்கலாமே என்ற வருத்தம்.

எந்த அகராதி எதற்கு

ரஷ்யச் சொற்பிறப்புக்கு மாக்ஸ் ஃபாஸ்மர். ஜெர்மனில் 1950களில் வந்தது. ஒலெக் த்ருபச்சொவ் ரஷ்யத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்த பதிப்பு 1964 முதல் 1973 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. பதிவுகள் சுருக்கம், ஆனால் நேர்மை. உறுதி இல்லை என்றால் இல்லை என்று சொல்லும். பொருளின் அகலத்துக்குத் தால்தான். ஆனால் தால் தரும் வேர்களை நம்பாதீர்கள், அவர் சொல் சேகரித்தவர், சொற்பிறப்பாளர் அல்ல. செர்பியத்துக்கு வூக் கரஜிச்சின் 1818 அகராதியில் தொடங்கலாம். இன்றைய செர்பிய எழுத்துமுறையே அங்கிருந்துதான் புறப்படுகிறது. துருக்கியக் கடன்சொற்களுக்கு அப்துல்லா ஷ்காலிச் 1966இல் சரயெவோவில் வெளியிட்ட தொகுப்பு. மெய்தானையும் மைதானையும் தனித்தனிப் பதிவாகப் பிரித்துக் காட்டும் நூல் என்பதால் இந்த வேலைக்கு அது இல்லாமல் முடியாது. துருக்கியச் சொந்த வேர்களுக்கு எர்வந்த் செவொர்த்தியன் 1974இல் தொடங்கிய தொகுதிகள். கொழுப்பு ‘மய்’க்கு அங்கே போக வேண்டும், மைதானுக்கு அல்ல.

இணையத்தில் விக்சனரி முதல் எட்டு வைக்கப் போதும். ரஷ்யப் பதிப்பு ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கீழே பல மொழிகளை வரிசையாகக் காட்டும் என்பதால் முதல் சுற்றுக்கு மிக வசதி. வேருக்கு மட்டும் அதையே முடிவாக எடுக்காமல், அச்சு அகராதி ஒன்றோடு ஒப்பிடுங்கள். வண்ணம் பூசிய வரைபடத்தில் ‘இந்தச் சொல் பல மொழிகளில்’ என்று சுற்றும் படங்களை நான் திறப்பதே இல்லை. அவற்றில் மைதானுக்குச் செர்பியாவையும் உக்ரேனையும் ஒரே நிறத்தில் பூசிவிடுவார்கள்.

கையைப் பழக்கிக்கொள்ள அடுத்த சொல் வேண்டும் என்றால் ‘சராய்’ எடுங்கள். பாரசீகத்தில் வீடு, மாளிகை. கசாக்கிலும் தத்தாரிலும் அரண்மனை. கிரிமியாவின் பக்சிசராய் என்றால் தோட்ட அரண்மனை. சரயெவோ நகரின் பெயரிலும் அதே அரண்மனை இருக்கிறது. ரஷ்யத்திலும் உக்ரேனியத்திலும் மட்டும் விறகும் தட்டுமுட்டுச் சாமானும் போட்டு வைக்கும் கொட்டகை. இதில் மைதானைப் போல இரண்டு வேர்கள் மோதவில்லை, ஒரே வேர்தான். ஆகவே முழுக் கவனத்தையும் பொருள் எப்படி இறங்கியது என்பதில் வைக்கலாம். முதல் கட்டத்தில் எழுத்துக்கூட்டல், கடைசிக் கட்டம் காலி. தாலின் அகராதியில் சராய் பதிவைத் திறந்து, அங்கிருந்து தொடங்குங்கள்.